உதிரிக்கு எந்தப் பழைய வாஷிங் மெஷின் வாங்கலாம்? என் ஓட்டு மேடேக் ஹெலிகல் டிரைவுக்கு

பழைய வாஷிங் மெஷின் சேர்ப்பவர்களிடம் போய், உதிரிக்காக ஒன்று வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். நான் இதுவரை ஒன்பது மெஷின்களைக் கடைசி ஸ்குரூ வரை பிரித்திருக்கிறேன். அதில் மூன்று மேடேக். இன்னொரு முறை கேட்டாலும், பத்து முறை கேட்டாலும், 1950களின் நடுவிலிருந்து வந்த மேடேக்கின் அந்த ஹெலிகல் டிரைவ் டாப் லோடரைத்தான் (மேலே மூடி திறந்து துணி போடும் மெஷின்) சொல்வேன். பிரிக்க எளிது, பிரித்தால் கிடைக்கும் பாகங்களில் பாதிக்கு மேல் இன்னொரு வருடத்து மெஷினிலும் பொருந்தும், பாகத்தின் மேலேயே எண் இருக்கும். குறைகளும் உண்டு, அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் எந்த மெஷினைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேடேக் என்றாலே சிலருக்கு மேலே உருளைகள் வைத்துத் துணி பிழியும் ரிங்கர் மெஷின்தான் ஞாபகம் வரும். அது வேறு குடும்பம், 1983 வரை தயாரித்தார்கள், அதைப் பற்றி எழுதினால் தனியாகத்தான் எழுத வேண்டும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து நியூட்டன் ஊரில் 1893ல் விவசாயக் கருவிகள் செய்ய ஆரம்பித்த கம்பெனி, 1907ல் முதல் துணி துவைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது, 1949ல் முதல் ஆட்டோமேட்டிக். அதற்கடுத்து சில வருடங்களில் வந்ததுதான் ஹெலிகல் டிரைவ். பின்பக்கத் தகட்டிலோ மேல்மூடிக்குக் கீழேயோ A606, A806, A712 என்பது மாதிரி ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் மாடல் எண் இருந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். நல்ல வேலை எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மேடேக் மெக்கானிக் என்று 1967ல் ஒரு விளம்பரம் ஆரம்பித்தார்களே, அது இந்த மெஷின்களை வைத்துத்தான். விளம்பரத்தை நம்பி நான் எதுவும் சொல்லவில்லை, உள்ளே திறந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், அடியில் இருக்கும் அந்த ஒற்றைப் புல்லியில். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் அஜிடேட்டர், அதாவது தொட்டியின் நடுவில் நிற்கும் இறக்கை வைத்த தூண், முன்னும் பின்னும் அசைந்து துணி துவைக்கும், தொட்டி அசையாது, ஏனென்றால் பிரேக் அதைப் பிடித்திருக்கிறது. அதே மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், புல்லி ஒரு திருகு வடிவச் சரிவில் ஏறி மேல்நோக்கி அழுத்தும், பிரேக் விடுபடும், டிரான்ஸ்மிஷனோடு (அடியில் இருக்கும் பற்சக்கரப் பெட்டி) சேர்ந்து தொட்டி முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தச் சரிவுக்குத்தான் ஹெலிகல் என்று பெயர். இதைச் செய்ய வேறு மெஷின்களில் சோலினாய்டு (மின்காந்தத்தால் இழுக்கும் பாகம்), தள்ளுகம்பி, நெம்பு என்று ஒரு கூட்டமே இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. மோட்டாருக்குத் திசையை மாற்றிக் கொடுப்பது டைமர், மீதியைப் புல்லியே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் பம்பும் அப்படித்தான்: துவைக்கும்போது தப்பான திசையில் சுற்றுவதால் தண்ணீரை வெளியே தள்ளாது, பிழியும்போது சரியான திசைக்கு வந்துவிடும், தொட்டி சுற்றச் சுற்றவே தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கும்.

உதிரி பொறுக்குபவருக்கு இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. மின்சாரமே கொடுக்காமல் மெஷினைச் சோதித்துவிடலாம். மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து ஒருவர் பிடித்துக்கொள்ள, அடியில் கைவிட்டுப் புல்லியை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் சுற்றினால் மேலே அஜிடேட்டர் அசைய வேண்டும், மறுதிசையில் சுற்றினால் சிறிது இறுக்கம் தெரிந்து பிறகு தொட்டி நகர வேண்டும். இரண்டும் நடந்தால் டிரான்ஸ்மிஷன் உயிரோடு இருக்கிறது. சுற்றும்போது கரகரவென்று மணல் அரைபடுவது போலக் கைக்குத் தெரிந்தால் பேரிங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. யாரிடமாவது வாங்கப் போகும்போது அவர்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிவு எடுத்துவிடலாம்.

அப்புறம் ஒரு விஷயம், இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். உதிரிக்கு என்று வாங்கிய எல்லாவற்றையும் பிரித்துவிடக் கூடாது. என்னிடம் வந்த நான்கு மேடேக்கில் மூன்றைத்தான் பிரித்தேன், நான்காவது இன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க அதுதான் நான்கிலும் மோசமாக இருந்தது, வெளிப் பெயின்ட் உரிந்து, மூடி வளைந்து, உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. ஆனால் தொட்டி எனாமலில் ஒரு கீறல் இல்லை, அடித்தட்டில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது, கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி சுற்றியது. அதை எப்படிப் பிரிக்க மனசு வரும்? மாறாக, வெளியே பளபளவென்று இருந்த இன்னொன்றில் உள்தொட்டியின் அடிவளைவில் எனாமல் பெயர்ந்து விரல் நுழையும் அளவு ஓட்டை. அது உதிரிக்குத்தான். என் கணக்கு இதுதான்: உள்தொட்டி ஓட்டையாக இருந்தால், அல்லது அடிச்சட்டம் கால் பிடிக்கும் இடத்தில் துருவில் கரைந்திருந்தால் பிரிக்கலாம். மோட்டார் ஓடவில்லை, டைமர் நகரவில்லை, பம்ப் ஒழுகுகிறது என்பதெல்லாம் பிரிப்பதற்கான காரணமே இல்லை, அவை மாற்றக்கூடியவை, அதற்குத்தானே நாம் உதிரி சேர்க்கிறோம்.

சரி, பிரிப்பதற்கு வருவோம். முன்பலகை கீழே இரண்டு ஸ்குரூவில் நிற்கிறது. அவற்றைக் கழற்றி, கீழ்ப்பக்கத்தை நம்மை நோக்கி இழுத்துத் தூக்கினால் மேலே உள்ள கிளிப்பிலிருந்து வந்துவிடும். உள்ளே மேல்பலகையின் முன் மூலைகளில் இரண்டு போல்ட், அவற்றையும் எடுத்தால் மேல்பலகை கார் பானட் மாதிரி பின்னோக்கித் திறந்துகொள்ளும். அவ்வளவுதான், மெஷின் முழுதும் கண்முன்னே. பழுதுபார்ப்பவரை மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள் என்பது இந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும். மேல்பலகையைத் திறந்தவுடன் அதைச் சுவரில் சாய்த்து வையுங்கள், அல்லது கயிற்றால் கட்டுங்கள், அது கையில் விழுந்தால் நல்ல அடி.

எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் படம் மட்டும் போதாது. ஒயர்களின் நிறம் நாற்பது ஐம்பது வருடத்தில் மங்கி ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. அதனால் டைமரின் எந்த முனையில் எந்த ஒயர் என்று சின்னத் துணி டேப்பில் எழுதி ஒயரிலேயே சுற்றிவிடுவேன். பல மெஷின்களில் ஒயரிங் வரைபடத்தை மடித்து உள்ளே வைத்திருப்பார்கள், கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னாலோ பின்தகட்டிலோ ஒட்டியிருக்கும். காகிதம் பொடிப்பொடியாக உதிரும் நிலையில் இருக்கும், விரித்துப் பார்க்கும் ஆசையில் வேகமாக இழுத்துவிடாதீர்கள். நான் முதலில் ஈரத்துணிக்குப் பக்கத்தில் ஒரு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்து, மெத்தென்று ஆன பிறகுதான் விரிப்பேன்.

அஜிடேட்டர்தான் பலரும் தோற்கும் இடம். நடுவில் இருக்கும் பஞ்சு வடிகட்டியை மேலே இழுத்தால் வந்துவிடும், ஆனால் அஜிடேட்டர் வராது. பல வருட சோப்புப் படிவம் தண்டோடு அதை ஒட்ட வைத்திருக்கும். நான் முதல் மெஷினில் பொறுமையில்லாமல் கடப்பாரை மாதிரி ஒரு கம்பியை அடியில் கொடுத்து நெம்பினேன், அஜிடேட்டரின் பாவாடை (அடியில் விரிந்திருக்கும் பகுதி) விளிம்பில் விரிசல் விட்டது, தொட்டி எனாமலும் பெயர்ந்தது, ஒரே நெம்பில் இரண்டு நல்ல பாகம் போயிற்று. இப்போது செய்யும் முறை இது. கை பொறுக்காத சூட்டில் தண்ணீரை அஜிடேட்டரின் நடுத்துளை வழியாகவே ஊற்றி, தொட்டியிலும் பாவாடை மூழ்கும் அளவுக்கு நிரப்பிப் பதினைந்து நிமிடம் விடுவேன். பிளாஸ்டிக் கொஞ்சம் விரியும், சோப்பு இளகும். அகலமான நாடா ஒன்றை, பை தூக்கும் நாடா மாதிரி, பாவாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கொடுத்து மேலே ஒன்றாக முடிந்து நேர்மேலாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் தண்டின் பற்கள் சிராய்த்துவிடும். ஒரு இழுப்பில் வராவிட்டால் தண்ணீரை மாற்றி மறுபடியும். வரும்போது அடியிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அப்படியே கையோடு வந்துவிடும். பிந்தைய மாடல்கள் சிலவற்றில் உள்ளே ஒரு பூட்டு ஸ்குரூ உண்டு, அது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இழுங்கள்.

அஜிடேட்டரை எடுத்தவுடன் அதன் உள்பக்கப் பற்களைப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் தங்கம். வட்டமாகத் தேய்ந்திருந்தால் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஓட்டுவதற்கு ஆகாது. வெள்ளையும் கறுப்பும் டர்காய்ஸ் நிறமுமாக வெவ்வேறு காலத்தில் வந்திருக்கின்றன, நிறத்துக்காகவே தேடுகிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருத்தர்தான்.

ஒரு மெஷினிலிருந்து ஒரே ஒரு பாகம்தான் எடுக்கலாம் என்று யாராவது கட்டுப்பாடு போட்டால் நான் டைமரைத்தான் எடுப்பேன். மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றிக் கட்டலாம், பம்புக்குப் புது சீல் போடலாம், பெல்ட் வாங்கலாம். டைமரை யாரும் புதிதாகச் செய்வதில்லை. மாடலுக்கு மாடல் உள்ளே இருக்கும் கேம்களின் (சுவிட்சுகளைத் தள்ளும் மேடுபள்ளச் சக்கரங்கள்) வெட்டு வேறு, ஒன்றுக்கு இன்னொன்று அப்படியே பொருந்தாது. மேலே கிங்ஸ்டன் என்றோ மாலரி என்றோ தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அச்சிட்டிருக்கும், அந்த எண்தான் உங்கள் தேடலுக்கு முகவரி.

போன மாதம் ஒரு டைமரைத் திறந்தேன். பக்கத்தகட்டின் நாக்குகளை நிமிர்த்தி எடுத்தால் உள்ளே வரிசையாகச் செம்புத் தகடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகு அளவுக்கு ஒரு வெள்ளிப் பொட்டு. பெரும்பாலும் கருத்திருந்தன. கருத்திருப்பது பரவாயில்லை, வெள்ளி கருத்தாலும் மின்சாரம் கடத்தும், தடித்த வெள்ளைக் காகிதம் ஒன்றை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து இரண்டு பொட்டுக்கும் நடுவில் கொடுத்து இழுத்தால் போதும். மோட்டார் ஸ்டார்ட் வாங்கும் ஒரு ஜோடிப் பொட்டு மட்டும் பள்ளம் விழுந்து, ஓரத்தில் சிறு மேடு எழும்பி நின்றது. அங்கேதான் ஒவ்வொரு முறையும் தீப்பொறி விழுந்திருக்கிறது. அந்த மேட்டை மட்டும் மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தேன், அதற்கு மேல் போனால் வெள்ளியே போய்விடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அதன் மணல் துகள்கள் வெள்ளியில் பதிந்துகொண்டு மறுபடியும் பொறி பறக்க வைக்கும். மறுபடி மூடி, குமிழைத் திருப்பினால் ஒவ்வொரு படியும் ‘கிளிக்’ என்று தெளிவாக விழுந்தது. இந்த ஒரு வேலைக்காக ஒரு முழு மெஷினைத் தூக்கி வந்ததும் சரிதான் என்று தோன்றியது.

மோட்டார், அது உட்காரும் நகரும் தட்டு இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எடுங்கள். இந்த மெஷினில் மோட்டார் அசையாமல் போல்ட் போட்டு நிற்பதில்லை. ஸ்பிரிங் இழுவையில், சறுக்கும் தட்டின் மேல் நிற்கிறது. தொட்டியைச் சுற்ற ஆரம்பிக்கும் நேரத்தில் பாரம் அதிகம், அப்போது மோட்டார் கொஞ்சம் உள்ளே நகர்ந்து பெல்ட் சிறிது வழுக்கும், வேகம் ஏற ஏறப் பிடிமானம் வரும். கிளட்ச் என்று தனியாக ஒன்று இல்லாமலே கிளட்ச் வேலை நடக்கிறது. அதனால்தான் இதில் பெல்ட் தளர்வாக இருப்பது போல் தெரியும், அது பழுது இல்லை. கடையில் கிடைக்கும் கார் பெல்ட்டை அளவு பார்த்துப் போட்டுவிட்டு மெஷின் உதறுகிறது, மோட்டார் சூடாகிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண பெல்ட் வழுக்காது, கவ்வும். டிரைவ் பெல்ட் 211124, பம்ப் பெல்ட் 211125, இரண்டும் சேர்ந்த செட் 12112425 என்ற எண்ணில் தேடுங்கள். பழைய கையேடுகளில் இதையே 2-11124 என்று நடுவில் கோடு போட்டு எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம், ஒரே பாகம்தான்.

அந்தச் சறுக்குத் தட்டின் நைலான் துண்டுகள், சின்ன ஸ்பிரிங்குகள், இவற்றையெல்லாம் ஒரு பையில் போட்டு மோட்டாரோடு கட்டி வையுங்கள். தனியாக வைத்தால் ஆறு மாதம் கழித்து இது என்ன என்று நீங்களே கேட்பீர்கள்.

பம்ப் சின்ன வேலை. புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தால் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் கழற்றி, உள்ளே சிக்கியிருக்கும் பட்டன், ஹேர்பின், சில்லறை எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்து வைக்கலாம்.

இப்போது டிரான்ஸ்மிஷன். உண்மையிலேயே தேவை இருந்தால் மட்டும் இதில் கை வையுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம், ஏனென்றால் அதை வெளியே எடுக்க உள்தொட்டியை எடுக்க வேண்டும், உள்தொட்டியை எடுக்க நடுவில் இருக்கும் அந்த நட்டைக் கழற்ற வேண்டும். அது ரிவர்ஸ் த்ரெட். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதைத் தெரியாமல் இரண்டு பேர் சேர்ந்து பலம் கொண்டமட்டும் எதிர்ப்பக்கம் இறுக்கிவிட்டு, பிறகு என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. அதற்கென்று வளைய வடிவ ஸ்பேனர் இருக்கிறது, நீள ரெஞ்சை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நட்டின் காதுகள் உடைந்துவிடும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, காலையில் இன்னொரு தடவை விட்டு, ஸ்பேனரின் கைப்பிடியில் சுத்தியலால் சின்னச் சின்ன அடியாக அடிக்க வேண்டும். ஒரே பெரிய அடியைவிட இருபது சின்ன அடிக்குத்தான் அது இறங்கி வரும். அது நகரும் அந்த முதல் மயிரிழை நகர்வு, கைக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும், அடியின் சத்தம் ‘டிங்’ என்பதிலிருந்து ‘டக்’ என்று மாறும்.

பிரேக் பக்கம் வரும்போது நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது. ஈரமாக்கி, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும், முகத்துக்கு நல்ல ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும். அந்த பிரேக் அசெம்பிளிக்குள் அழுத்தி வைத்த பெரிய ஸ்பிரிங் வேறு இருக்கிறது, சரியான கருவி இல்லாமல் திறந்தால் பாய்ந்துவிடும். நான் பிரேக்கைத் திறப்பதே இல்லை, முழுசாக எடுத்து முழுசாகவே வைக்கிறேன். இதே எச்சரிக்கைப் பேச்சில் இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன், இவை மேடேக்குக்கு மட்டும் இல்லை, எந்தப் பழைய மெஷினுக்கும். மோட்டார் கெப்பாசிட்டர் இருந்தால், பிளக் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள். அமெரிக்காவில் பி.சி.பி. என்ற நச்சு ரசாயனத்தின் தயாரிப்பைத் தடை செய்தது 1979ல்தான், அதற்கு முந்தைய கெப்பாசிட்டர் எண்ணெயில் அந்த நச்சு இருக்கலாம், ஒழுகும் கெப்பாசிட்டரை வெறுங்கையால் தொட வேண்டாம். சில பழைய மெஷின்களின் மூடி சுவிட்சில் பாதரசக் குப்பி உண்டு, அதை உடைக்காமல் எடுத்து அபாயக் கழிவாகக் கொடுக்க வேண்டும்.

சின்னப் பொருட்களில்தான் சேகரிப்பவருக்கு உண்மையான மதிப்பு. குமிழ்கள், குமிழைச் சுற்றியுள்ள குரோம் வளையம், பேனல் கண்ணாடி, பேனலில் இருக்கும் எழுத்துகள், மூடியின் கீல், அந்தக் கீலுக்குள் போகும் நைலான் புஷ், கால் ரப்பர், இவைதான் ஓடும் மெஷின்களில் முதலில் தொலைந்துபோகிறவை. பேனல் எழுத்தைக் கறை நீக்கும் பொடியால் தேய்த்துவிடாதீர்கள், அச்சு கையோடு வந்துவிடும், சோப்புத் தண்ணீரும் பஞ்சும் போதும். தொட்டியைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்குகளையும் ஒரே மெஷினிலிருந்து எடுத்து ஒரே கட்டாக வையுங்கள், வேறு வேறு மெஷினின் ஸ்பிரிங்குகளைக் கலந்தால் இழுவை மாறிப் பிழியும்போது தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து ஆடும். வெளித்தொட்டியின் மூடி வளையத்தைப் பிடிக்கும் கொக்கிகள் ஒன்று விடாமல் வேண்டும். ஒயரிங்கைத் துண்டு துண்டாக வெட்டாமல் முழுச் சடையாகக் கழற்றுங்கள்.

எதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டால்: பழைய பெல்ட், ரப்பர் ஹோஸ், தண்டு சீல், கேஸ்கெட். பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், போட்ட மறுவாரம் ஒழுகும். அளவு தெரிவதற்காக மாதிரிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வால்வு பாதிப்பாதி, அதன் மின்கம்பிச் சுருள் (coil) நன்றாக இருந்தால் அதை மட்டும் எடுத்துவைப்பேன்.

குறைகள். முதல் குறை எடை, எனாமல் பூசிய இரும்புத் தொட்டி இரண்டு, கனத்த அடிச்சட்டம், தனியாளாகப் படியிறக்க நினைக்கவே வேண்டாம். இரண்டாவது, இவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் வோல்டேஜை மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துவிட்டு எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், அதாவது 1,725 சுற்று ஓட வேண்டியது 1,440க்குப் பக்கத்தில் வரும், சூடும் ஏறும். டைமரும் மெதுவாக நகரும், பத்து நிமிடத் துவைப்பு பன்னிரண்டு நிமிடம் ஆகும். மூன்றாவது, சாதாரணத் தொட்டி, பெரிய தொட்டி என்று இரண்டு அளவு ஓடியிருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் தெரியும், தொட்டியையும் அஜிடேட்டரையும் அளந்து பார்க்காமல் மாற்றிக்கொள்ள முடியாது. நான்காவது, 1990களில் வந்த மேடேக்குகளில் டிரான்ஸ்மிஷனையே ஆர்பிட்டல் என்று வேறாக மாற்றிவிட்டார்கள், அதே பெயர்ப்பலகை இருந்தாலும் டிரான்ஸ்மிஷன் பாகங்களுக்கு அதை நம்பி வாங்காதீர்கள். 2006ல் வேர்ல்பூல் மேடேக்கை வாங்கியது, 2007ல் நியூட்டன் ஆலை மூடப்பட்டது, அதற்குப் பிறகு மேடேக் பெயரில் வந்தவற்றுக்கும் நான் பேசும் மெஷினுக்கும் பெயர் ஒன்றுதான்.

மற்ற மெஷின்களோடு ஒப்பிட்டால்? வேர்ல்பூல், கென்மோர் பெயர்களில் வந்த பழைய பெல்ட் டிரைவ் மெஷின்கள் எண்ணிக்கையில் அதிகம், அதனால் உதிரியும் அதிகம், முதல் தடவை பிரிப்பவருக்கு அதுவும் நல்ல பாடம். ஆனால் அதில் மோட்டார் ஒரே திசையில்தான் ஓடும், துவைப்பதா பிழிவதா என்று மாற்றுவது ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு சோலினாய்டு ஜோடி, அதற்குப் போகும் ஒயர் வளைந்து வளைந்து உள்ளுக்குள் அறுந்துவிடும். ஜி.இ. கம்பெனியின் ஃபில்டர் ஃப்ளோ மெஷினில் வரும் அந்த வடிகட்டித் தட்டு எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் கிடைத்த இரண்டு மெஷினிலும் தட்டுதான் இல்லை. ஃப்ரிஜிடேர் வேறு உலகம், அதன் அஜிடேட்டர் மேலும் கீழும் குதிக்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1979ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை விற்றதோடு அந்த வடிவமைப்பும் நின்றுவிட்டது, அதனால் ஒவ்வொரு பாகமும் அரிது, ஃப்ரிஜிடேரை உதிரிக்காகப் பிரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உதிரி வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. சோதித்தது, நன்றாக ஓடுகிறது என்று சொல்லி ஒருவர் அனுப்பிய டைமர், எண் சரியாகவே இருந்தது, திறந்தால் உள்ளே கேம் சக்கரத்தின் பல் இரண்டு இல்லை. அன்றிலிருந்து வாங்கும் முன்பே குமிழை ஒரு முழுச் சுற்று சுற்றி, சத்தத்தோடு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நல்ல மனசுள்ளவர்கள் மறுப்பதில்லை. நான் கொடுக்கும்போதும் அப்படித்தான் எடுத்து அனுப்புகிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இந்த மெஷினைத் தாராளமாகச் சொல்வேன். இரண்டு வார இறுதி, இரண்டு பேர், ஒரு வளைய ஸ்பேனர், நிறைய சின்னப் பைகள் இருந்தால் முடித்துவிடலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. நீங்கள் சாய்த்துப் பார்க்கும் மேடேக், ஹெலிகலுக்கு முந்தையதாக, 1949லிருந்து சில வருடங்களே வந்த ஆரம்ப ஆட்டோமேட்டிக்காக இருந்தால், அதன் தொட்டி ஓட்டையாக இருந்தாலும் சரி, அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தாலும் சரி, ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுங்கள். முன்பலகையை மூடி, ஈரம் படாத இடத்தில் நிறுத்தி, அந்த வகை மெஷினை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவரிடம் ஓட்டையில்லாத தொட்டி ஒன்று சும்மா கிடக்கலாம்.